பட்டிங் கிரீன்ல பந்து விழுந்த பள்ளம் ஆற மாட்டேங்குது, தூக்கி விட்ட இடமெல்லாம் பழுப்பாகுது

சாரல்பக்கம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தென்காசிக்கு மேக்க மலையடிவாரத்துல ஒரு தோட்டத்து பங்களாவுல மேற்பார்வை வேல பாக்கேன். மொதலாளி ரொம்ப வருசம் வெளிநாட்டுல இருந்தவரு, கோல்ஃப்னா உசுரு, அதனால வீட்டுக்குப் பின்னாடி பத்து சென்ட்ல ஒரு பட்டிங் கிரீன், அதாவது பந்த உருட்டி குழியில போடுத புல்தரை, போட்டு வச்சிருக்காரு. ஹைப்ரிட் பெர்முடா புல்லு, பெங்களூர் பக்கம் ஒரு நர்சரில இருந்து ஷீட்டா கொண்டாந்து விரிச்சது. சுத்தி எடம் இருக்கதுனால வார விருந்தாளிங்க பட்டிங் மட்டும் பண்ணாம தள்ளி நின்னு வெட்ஜ்ங்கிற மட்டையால ஒசத்தி அடிச்சு கிரீன்ல எறக்குதாங்க. பந்து விழுந்த எடத்துல எல்லாம் பள்ளம்.

இங்க தோட்ட வேல செய்யுதவங்க எல்லாம் வயக்காட்டுல கைதேர்ந்த ஆளுங்க, ஆனா இந்தப் புல்லு அவங்களுக்குப் புதுசு. ஸ்க்ரூ டிரைவர பள்ளத்துக்கு நடுவுல அடி வரைக்கும் எறக்கி, மண்ணோட மேல கெந்தி விட்டு, மிதிச்சு தண்ணி ஊத்திட்டுப் போறாங்க. அன்னைக்கு பாக்க சமமாத்தான் இருக்கு. நாலஞ்சு நாள்ல அந்த எடம் பழுத்து, நடுவுல மண்ணு தெரிஞ்சு, ஒரு சின்ன மேடா நிக்கு. மெஷின் ஓட்டுனா அந்த மேடு சிரைஞ்சு மொட்டையாகுது. ஆனி ஆடி சாரல் நேரத்துல இது ரொம்ப மோசம், கிரீன் பூரா அம்மத் தழும்பு மாதிரி ஆகிப்போச்சு.

மொத்தமா உரிச்சுட்டு புதுசா போட்டுருவோம்னு மொதலாளி சொல்லுதாரு, அதுக்கு ஆகிற துட்ட நெனச்சா எனக்கு மனசு வரல. இருக்கிற புல்லக் காப்பாத்த வழி இருக்கா? பள்ளத்துக்கு எம்-சாண்ட் போடலாமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

அம்பைக்காரன் எழுதுனது:

தம்பி, உரிக்க வேண்டாம். மொத வேலையா அந்த ஸ்க்ரூ டிரைவர வாங்கி டூல் பாக்ஸ்ல போட்டுப் பூட்டுங்க, பாதி நோவு அதுலயே தீந்துரும். நான் மெட்ராஸ்லயும் அப்புறம் வளைகுடா பக்கமும் கிரீன் கீப்பிங் வேலையிலயே கெடந்தவன், புது ஆளு யாரு வந்தாலும் மொத நாள் சொல்லிக் குடுக்கது இந்த ஒண்ணத்தான்.

பள்ளத்துல என்ன நடக்குன்னு பாருங்க. கோல்ஃப் பந்து 46 கிராம் கூட கிடையாது, குறுக்கால 43 மில்லிமீட்டருக்குக் கிட்ட இருக்கும். ஆனா வெட்ஜ்ல அடிச்சு வானத்துல போயி செங்குத்தா எறங்கும்போது அது விழுந்த எடத்துல புல்லு நசுங்கிரும், மண்ணு இறுகிரும், சுத்தி உள்ள புல்லு வெளிய ஒதுங்கி மடிஞ்சுரும். நடுவுல நசுங்கின புல்லு அனேகமா போச்சு, அத எவனாலும் பொழைக்க வைக்க முடியாது. ஓரத்துல ஒதுங்கி நிக்குது பாருங்க, அதுதான் உசுரோட வேரோட இருக்கு. நம்ம வேல அந்த ஓரத்துப் புல்ல நடுவ நோக்கி நகத்தி பள்ளத்த மூடுறது, அவ்வளவுதான். உங்க ஆளுங்க செய்யுதது இதுக்கு நேர் எதிரு. அடியில இருந்து கெந்தும்போது இருக்கிற வேரும் அந்துருது, அடி மண்ணு மேல வந்துருது. வேர் அறுந்த புல்லு வெயில் பட்டதும் பழுக்கத்தான் செய்யும். மேல வந்த மண்ணு மேடா நிக்கும், மெஷின் பிளேடு அதச் சிரைக்கும். நீங்க சொன்ன அத்தனைக்கும் காரணம் இதுதான்.

இப்ப செய்யுத மொற. ரெண்டு முள்ளு உள்ள சின்ன ரிப்பேர் டூல் ஒண்ணு வாங்கிக்கோங்க. பள்ளத்துக்கு உள்ள குத்தக் கூடாது, பள்ளத்தோட விளிம்புக்கு வெளிய, நல்ல புல்லு நிக்குத எடத்துல குத்தணும். புல்லு எந்தப் பக்கம் கூடுதலா ஒதுங்கி மடிஞ்சு கெடக்கோ அந்தப் பக்கத்துல ஆரம்பிங்க. குத்திட்டு கைப்பிடிய பள்ளத்து நடுவப் பாத்து சாய்க்கணும், அப்ப மேல உள்ள புல்லு உள்ள நகரும். இத நல்லா மனசுல வச்சுக்கோங்க, கைப்பிடிய கீழ அமுக்கவே கூடாது, அமுக்குனா முள்ளு அடியில இருந்து மேல கெந்தி மறுபடி வேரைத்தான் அறுக்கும். அப்பிடியே சுத்தி நாலஞ்சு எடத்துல குத்தி எல்லாப் பக்கத்துல இருந்தும் உள்ள தள்ளுனா பள்ளம் சுருங்கி மூடிரும். கிழிஞ்ச துணிய ரெண்டு ஓரத்தையும் இழுத்துச் சேத்துத் தைக்கிற மாதிரின்னு ஆளுங்ககிட்ட சொல்லுங்க, டக்குனு பிடிச்சுக்குவாங்க. கடைசில பட்டர், அதாவது பந்த உருட்டுத மட்டையோட அடிப்பக்கத்த வச்சோ, தட்டையான செருப்புக் காலாலயோ லேசாத் தட்டி சமப்படுத்துங்க. அதுக்கு மேல ஒரு பந்த உருட்டிப் பாத்தா தடுக்காமப் போகணும், போனா சரியா செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, இத உடனே செய்யணும். பந்து விழுந்த கையோட செஞ்சா ஓரத்துப் புல்லு ஈரத்தோட வளைஞ்சு குடுக்கும். ராத்திரி தாண்டி மறுநாள் வெயில்ல காஞ்சப்புறம் தள்ளுனா ஒடியும். அடிச்சவங்களே அவங்க பள்ளத்த சரி பண்ணிட்டு, பக்கத்துல வேற எவனோ விட்டுட்டுப் போனதுல ஒண்ணு ரெண்டையும் பாக்கதுதான் நல்ல ஆட்டக்காரங்களுக்கு வழக்கம். விருந்தாளிங்க வரும்போதே ஆளுக்கொரு டூல் கையில குடுத்துருங்க, மரியாதையாச் சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

வரப்போரம் எழுதுனது:

இதுக்குப் போயி ஏன் இவ்வளவு? எங்க ஊர் கிரிக்கெட் கிரவுண்டுல தண்ணிய நல்லா விட்டு ரோலர உருட்டிருவோம், சமமாயிரும். மொட்டையான எடத்துக்கு வரப்புல அருகம்புல்லு மண்டிக் கெடக்கு, அதப் புடுங்கி நட்டா ஒரு மாசத்துல மூடிரும். பெர்முடாங்கதும் அருகம்புல்லுதானே.

சாரல்பக்கம் எழுதுனது:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நீங்க சொன்னதப் படிச்ச ஒடனே ரெண்டு ஆளக் கூட்டிட்டுப் போயி கிரீன்லயே செஞ்சு காட்டுனேன், வித்தியாசம் கண்ணுலயே தெரியுது. வரப்போரம் அண்ணன் சொன்ன ரோலர் எங்கிட்டயும் இருக்கு, உருட்டலாமா? அடியில உள்ளது பழைய நெல்லு வயல் மண்ணுதான், மேல ஒரு அடுக்கு மணலு போட்டு விரிச்சிருக்காங்க. சாரல் நேரத்துல கால வச்சா மெத்து மெத்துன்னு அமுங்குது. அப்புறம் பள்ளம் இல்லாத எடத்துலயும் சின்னச் சின்ன வட்டமா வெளுத்த புள்ளி இருக்கு, அதையும் பந்து விழுந்ததுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க.

வல்லநாட்டு அக்கா எழுதுனது:

நான் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரில படிச்சவ, இப்ப நர்சரி வச்சிருக்கேன், புல்தரை வேலையும் எடுத்துச் செய்யறேன். ரோலர் வேண்டாம் தம்பி, முக்கியமா ஈரத்துல வேண்டவே வேண்டாம். கிரிக்கெட் பிட்ச்சுக்கு மண்ணு இறுகணும், அதனால அங்க உருட்டறது சரிதான். இங்க அடியில களிமண்ணு, அத ஈரத்தோட உருட்டுனா காத்து போற வழியெல்லாம் அடைஞ்சு வேரு மூச்சு முட்டிப் போகும். பள்ளத்துக்குள்ள நசுங்கின புல்லு ரோலரால எந்திரிக்கப் போறதும் இல்ல, சுத்தி உள்ளதும் சேந்து அமுங்கும், அவ்வளவுதான்.

வரப்பு அருகம்புல்லு விசயம். அண்ணன் சொல்றது பாதி சரி, குடும்பம் ஒண்ணுதான். கிரீன்ல போடற ஹைப்ரிட் பெர்முடா நம்ம அருகம்புல்லையும் ஆப்பிரிக்கா பக்கத்து இன்னொரு இனத்தையும் சேத்து உருவானது, டிஃப்ட்வார்ஃப், டிஃப்ஈகிள்னு பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. இலை ஊசி மாதிரி இருக்கும், கணுவுக்குக் கணு நெருக்கமா இருக்கும், அதனாலதான் மூணு நாலு மில்லிமீட்டர் உயரத்துல வெட்டுனாலும் பச்சையா நிக்குது. வரப்புப் புல்ல அந்த உயரத்துல வெட்டுனா தண்டு மட்டும்தான் மிஞ்சும். ஒரு தடவ உள்ள விட்டீங்கன்னா முரட்டுத் திட்டா பரவும், அப்புறம் அத எடுக்கறது பெரிய பாடு. ஹைப்ரிட்ல விதையும் கெடையாது, கொடி மூலமாத்தான் பெருக்க முடியும். அதனால மொட்டையான எடத்துல ஒட்டுப் போடறதுக்கு அதே புல்லத்தான் எடுக்கணும். கிரீனுக்குப் பக்கத்துல வெயில் படற எடமா ஒரு சின்னப் பாத்தி போட்டு அதே புல்ல நர்சரியா வளத்து வச்சுக்கோங்க, எப்பவும் கைக்கு உதவும்.

சாரல் நேரத்துல ஏன் மோசமாகுதுன்னா ரெண்டு காரணம் ஒண்ணா சேருது. மண்ணு நனைஞ்சு இளகிக் கெடக்கறதால பள்ளம் ஆழமா விழுது. அதே சமயம் வாரக்கணக்குல மேகம் மூடிக் கெடக்கு, பெர்முடாவுக்கு நெழல் ஆகவே ஆகாது, முழு வெயில் வேணும், அதனால பக்கத்துல இருந்து கொடி ஓடி மூடற வேகம் கொறைஞ்சுருது. ஆழமான பள்ளம், மெதுவான வளர்ச்சி. அந்த மாசங்கள்ல வெட்டற உயரத்த ஒரு மில்லிமீட்டராவது ஏத்தி வைங்க, புல்லுக்கு இலை கூடுதலா இருக்கும். விருந்தாளிங்க ஒசத்தி அடிக்கற எடத்தையும் மாத்திக்கிட்டே இருங்க, ஹோலையும் ஒரே எடத்துல வைக்காதீங்க. மேல காஞ்ச மாதிரி தெரிஞ்சா ஒடனே தண்ணி திறக்காதீங்க, ஆடிக்காத்து செங்கோட்டை கணவாய் வழியா வந்து மேலாக்கத்தான் காய வைக்கும், அடியில சொதசொதன்னு இருக்கும். ஒரு கத்திய எறக்கி எடுத்துப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

கால வச்சா மெத்துன்னு இருக்குன்னீங்க, அது மண்ணு மட்டும் இல்ல. ஒரு எடத்துல சின்னதா ஒரு துண்டு வெட்டி எடுத்து பக்கவாட்டுல பாருங்க. பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவுல பழுப்பா நாரு நாரா ஒரு அடுக்கு இருக்கும், தாட்ச்னு சொல்லுவாங்க. யூரியாவ அள்ளிப் போட்டா இது தடிச்சுக்கிட்டே போகும், தண்ணியப் புடிச்சு வச்சுக்கும், பந்து விழுந்தா ஆழமா அமுங்கும். தழைச்சத்த கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுக் குடுங்க, கூடவே சாம்பல் சத்தும் வேணும். வெயில் காலத்துல ஹாலோ டைன் போட்டு, அதாவது குழாய் முள்ளால துளை எடுத்து மண்ணு உருளைய வெளிய எடுத்துட்டு, அந்தத் துளையில மணல நெரப்புங்க. வயல் மண்ணுங்கறதால தாழ்வான பக்கம் ஒரு வடிகால் பள்ளம் எடுத்து ஜல்லியும் துளைக் குழாயும் போட்டா இன்னும் நல்லது. உண்மையான வைத்தியம் இந்த அடி வேலைதான், இது இல்லாம மேல எவ்வளவு நல்லா ரிப்பேர் பண்ணுனாலும் அடுத்த சாரலுக்கு அதே கதிதான்.

பள்ளம் இல்லாம வட்டமா வெளுத்த புள்ளி பூஞ்சை நோயா இருக்க வாய்ப்பு அதிகம். காலைல பனி ஈரம் காயறதுக்கு முன்னாடி போயி குனிஞ்சு பாருங்க, அந்தப் புள்ளி மேல சிலந்தி வலை மாதிரி வெள்ளையா நூலு இருந்தா அது நோய்தான். பந்து விழுந்ததுன்னா தடவிப் பாத்தாலே கைக்குப் பள்ளம் தெரியும். நோய் உள்ள எடத்துல ரிப்பேர் டூல் போடாதீங்க. சாயங்காலத்துல தண்ணி விடறத நிறுத்தி விடியக்காலைல விடுங்க, ஒரு துண்டு எடுத்துட்டுப் போயி வேளாண்மை அலுவலகத்துல காட்டிட்டு அப்புறம் மருந்து அடிங்க.

சாரல்பக்கம் எழுதுனது:

அக்கா, நாரு அடுக்கு இருக்கு, கட்டைவெரல் தடிமன் இருக்கும். மணலு பத்தி மட்டும் சொல்லுங்க. ஆத்து மணல் இங்க யாரும் தர மாட்டாங்க. எம்-சாண்ட் கெடைக்கும். திருச்செந்தூர் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க, தேரி மணலு வேணும்னா கொண்டாரேன்னு சொல்லுதாங்க.

வல்லநாட்டு அக்கா எழுதுனது:

கட்டைவெரல் தடிமன் ரொம்ப அதிகம், அப்ப துளை போடற வேலையத்தான் மொத செய்யணும்.

தாமிரபரணில மணல் அள்ளி அள்ளி ஆறு பட்ட பாடு போதும், அதுல நம்ம கையும் வேண்டாம். தேரி மணலும் வேண்டாம் தம்பி. பாக்க செக்கச்செவேல்னு அழகா இருக்கும், ஆனா காத்து கொண்டாந்து சேத்த மணல், ரொம்பப் பொடி, செம்மண் தூசியும் கலந்திருக்கும், தண்ணி பட்டு காஞ்சா மேல ஓடு மாதிரி இறுகிரும். அந்த நெலத்த அங்கயே விட்டுருவோம். கடக்கரை மணல்ல உப்பு, அதுவும் ஆகாது.

கிரீனுக்கு வேண்டியது பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்ல இருந்து ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் உள்ள மணல். எம்-சாண்ட்ல பெரிய பரலும் இருக்கும், கல்லு மாவும் இருக்கும். போடறதா இருந்தா ஒரு மில்லிமீட்டர் சல்லடையில சலிச்சு, மாவு போற வரைக்கும் கழுவணும். ஒரு கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மணலு போட்டு தண்ணி ஊத்தி குலுக்கி வச்சுப் பாருங்க. மணலு ஒடனே அடியில படியும். அது மேல சாம்பல் மாதிரி ஒரு அடுக்கு தெரிஞ்சாலோ, தண்ணி ரொம்ப நேரம் கலங்கியே நின்னாலோ இன்னும் கழுவணும். பத்து சென்ட்டுதானே, என்ன கேட்டா தண்ணி ஃபில்டருக்குப் போடற சிலிக்கா மணல் மூட்டையில வரும், அளவு பிரிச்சே விப்பாங்க, அதுல பொடி அளவு வாங்கிருங்க. வெல கூடத்தான், ஆனா கழுவற கூலி மிச்சம். எத வாங்குனாலும் ஒரே வகையா கடைசி வரைக்கும் போடுங்க, மாத்தி மாத்திப் போட்டா அடுக்கடுக்கா நின்னு தண்ணி எறங்காது. போடும்போது மெல்லிசா தூவி தென்னை வாரியலால தேச்சு விடணும், புல்லு நுனி வெளிய தெரியணும். பள்ளத்துல மட்டும் மணலக் கொட்டி மேடாக்காதீங்க, மெஷின் பிளேடும் மழுங்கும்.

வரப்போரம் எழுதுனது:

அக்கா சொன்னது சரிதான், கிரவுண்டும் இதுவும் வேற வேற. ஒரு சந்தேகம், ஆட்டத்துக்கு நடுவுல இப்பிடி கிரீன நோண்டி சரி பண்ணலாமா? என் கூட்டாளி ஒருத்தன் அது தப்பு, பெனால்ட்டி குடுப்பாங்கன்னு சாதிக்கான்.

அம்பைக்காரன் எழுதுனது:

உங்க கூட்டாளி பழைய ரூல சொல்லுதாரு. முன்னாடி பந்து விழுந்த பள்ளம், பழைய ஹோல அடைச்ச தடம், இந்த ரெண்டத்தான் தொடலாம், ஷூ கீறின தடத்தத் தொட்டா பெனால்ட்டி. 2019 ஜனவரியில இருந்து ரூல மாத்திட்டாங்க. இப்ப கிரீன் மேல உள்ள பந்துப் பள்ளம், ஷூ தடம், கிளப் பட்ட கீறல், மிருகம் மிதிச்சது எல்லாத்தையும் சரி பண்ணலாம், நேரத்த இழுத்தடிக்காம செஞ்சாப் போதும். உங்க பந்து கிரீனுக்கு வெளிய கெடந்தாலும் கிரீன் மேல உள்ள சேதத்த சரி பண்ணலாம். ஆனா துளை போட்ட அடையாளம், மழைத்தண்ணி அரிச்சது, நோய் பட்ட திட்டு, தானா தேஞ்ச ஹோல் வாய், இதையெல்லாம் தொடக் கூடாது. கிரீன் ஓரத்து ஃபிரிஞ்சுக்கும் இந்தச் சலுகை கெடையாது. வெறும் பயிற்சிக்கு அடிக்கும்போது இந்தக் கணக்கே வேண்டாம், தாராளமா சரி பண்ணுங்க.

மலையடிவாரம்னு சொன்னதுனால கேக்கேன், மிளாவும் பன்னியும் எறங்குமே, வேலி போட்டிருக்கியளா? மிளா குளம்புத் தடத்தையும் இதே மாதிரி ஓரத்துல இருந்து உள்ள தள்ளித்தான் மூடணும். பன்னி கிண்டுனது டூலுக்கு அடங்காது, ஒட்டுதான்.

சாரல்பக்கம் எழுதுனது:

வேலி இருக்கு அண்ணாச்சி, மயிலு மட்டும் வந்து கொத்திட்டுப் போவும். ஏற்கனவே மொட்டையாப் போன எடம் நெறைய இருக்கு, அதுக்கு ஒட்டு எப்பிடி போடணும்? எப்ப போட்டா நல்லது?

அம்பைக்காரன் எழுதுனது:

சாரல் குறைஞ்சு நல்ல வெயில் திரும்புன ஒடனே போடுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி வேர் புடிச்சுரணும், அந்த இடைவெளிதான் உங்களுக்கு நல்ல நேரம்.

சின்ன மொட்டைன்னா ஒட்டே வேண்டாம், செத்த புல்லையும் மேடா நிக்கிற மண்ணையும் சுரண்டி எடுத்து மட்டத்துக்கு மணலு தூவுனா சுத்தி உள்ள கொடி ஓடி மூடிரும். உள்ளங்கை அளவுக்கு மேல உள்ளதுக்குத்தான் ஒட்டு. ஹோல் கட்டர் இருந்தா அதையே பயன்படுத்தலாம், ஹோலோட குறுக்களவு நாலேகால் இஞ்சு, அதே அளவுக்கு உருளையா வரும். இல்லன்னா நாலு இஞ்சு இரும்புக் குழாய் துண்டு ஒண்ண எடுத்து பட்டறையில ஒரு முனைய கூராக்கித் தரச் சொல்லுங்க. மொட்டை எடத்துல அழுத்தி எறக்கி செத்தத வெளிய எடுங்க, அதே குழாயால அக்கா சொன்ன நர்சரிப் பாத்தியில இருந்து நல்ல உருளை ஒண்ண எடுத்து உள்ள வைங்க. குழாய் ஒண்ணா இருந்தாத்தான் அளவு பொருந்தும். நாரு அடுக்கு தடிச்ச உருளையா இருந்தா அத வைக்காதீங்க.

மட்டம் ரொம்ப முக்கியம். சுத்தி உள்ள தரைக்குச் சமமா, இல்லன்னா ஒரு நூல் கீழ இருக்கலாம், மேல மட்டும் நிக்கவே கூடாது. கீழ இருந்தா பின்னால மணலு தூவி ஏத்திரலாம், மேல நின்னா மொத வெட்டுலயே மெஷின் சிரைச்சுரும். உயரமா நின்னா வெளிய எடுத்து அடி மண்ண கொஞ்சம் சீவிட்டு திரும்ப வைங்க, மேல மிதிச்சு அமுக்காதீங்க. ஓரத்து இடுக்குல மணலு விட்டு விரலால இறுக்குங்க, இடுக்கு இருந்தா அது வழியாத்தான் மொதல்ல காயும். ஒட்டுப் போட்ட எடத்துக்கு மட்டும் பூவாளியால காலைலயும் மத்தியானமும் லேசா தண்ணி காட்டுங்க, கிரீன் பூராவுக்கும் திறந்து விட வேண்டாம். லேசா இழுத்துப் பாத்தா அசையாம வேர் புடிச்சிருக்கணும், அதுக்கப்புறம்தான் அந்தப் பக்கம் மெஷினக் கொண்டு போகணும், அது வரைக்கும் கத்தரியால நுனிய வெட்டி விட்டாப் போதும். மயிலுக்கு ஒட்டுப் போட்ட எடத்து மேல மட்டும் ஒரு பழைய மீன் வலைய விரிச்சு முளை அடிச்சு வைங்க, காலைல ஆட்டம் ஆரம்பிக்க முன்னாடி எடுத்துரலாம்.